பீகிள் கப்பலின் பின் அறைக்குள் மேஜை, புத்தக அலமாரி எல்லாம் வைக்க ஆசை: எங்கிருந்து தொடங்குவது?

பெரம்பூர்_பாய்மரம்

எல்லோருக்கும் வணக்கம். விஞ்ஞானி டார்வின் உலகம் சுற்றிய எச்.எம்.எஸ். பீகிள் கப்பல், 1:60 அளவு மர கிட் செய்துகொண்டிருக்கிறேன். பல்க்ஹெட் (உடம்புக்கு வடிவம் தரும் குறுக்குப் பலகைகள்) எல்லாம் கீலில் (கப்பலின் முதுகெலும்பு மாதிரி நீளும் அடிக்கட்டை) ஒட்டியாகிவிட்டது. வெளிப்பலகை ஒட்ட இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்த நேரம் பார்த்து ஓர் ஆசை: டார்வின் தங்கியிருந்த பின் அறையை (பின்பக்கம் உயர்த்திக் கட்டிய தூக்குத் தளத்துக்கு அடியில் இருக்கும் பூப் கேபின்) உள்ளேயும் முழுசாகச் செய்துவிட வேண்டும். வரைபட மேஜை, புத்தகங்கள், அவர் தூங்கிய ஹேமக் (துணித் தொங்கு படுக்கை), எல்லாம்.

பிரச்சினை என்னவென்றால், கிட்காரர்கள் அங்கே அறை என்று ஒன்று இருப்பதாகவே நினைக்கவில்லை. இரண்டு பல்க்ஹெட் குறுக்கே சுவர் மாதிரி நிற்கின்றன. அறுத்தால் உடம்பு கோணிவிடுமோ என்று பயம். அப்புறம், இவ்வளவும் செய்து மேலே தளத்தை மூடிவிட்டால் யார் பார்ப்பார்கள்? ஸ்கைலைட் (தளத்தில் வைக்கும் கண்ணாடி ஜன்னல்) வழியாகத் தெரிந்தால் போதுமா, அல்லது தளத்தைக் கழற்றி மாட்டுகிற மூடி மாதிரி செய்வதா? விளக்கு வைக்கவும் எண்ணம் உண்டு. மரம் என்ன வாங்கலாம்? கையில் கொஞ்சம் பழைய தேக்கு இருக்கிறது, தாத்தா வீட்டுக் கதவு.

---

கடலோடி_இல்லை

யாரும் பார்க்காத இடத்துக்கு எதற்கு இந்தப் பாடு? அறைச் சுவரின் படத்தை அச்சடித்து உள்ளே ஒட்டிவிட்டு விளக்கைப் போடுங்கள். இரண்டு அடி தள்ளி நின்றால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நான் என் விக்டரி கப்பல் மாடலுக்கு அப்படித்தான் செய்தேன்.

---

பேட்டர்ன்_தாத்தா

கடலோடி சொல்வது பெரிய கப்பலின் பின்பக்க ஜன்னல்களுக்குச் சரி. வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்குப் படம் போதும். பீகிளில் மேலே இருந்து பார்க்கப் போகிறோம். மேலே இருந்து பார்த்தால் படத்துக்குத் தலை இல்லை, மேஜைக்கு மேல்பரப்பு இல்லை.

தம்பி, நான் கோவையில் ஃபவுண்டரி பேட்டர்ன் ஷாப்பில் (வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் இடம்) மரவேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பல் பைத்தியம் அதற்கப்புறம் பிடித்தது. உளியைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்கள் அறையில் இப்போது பகலா, இரவா?

அந்த அறை ஏறக்குறைய 10 அடிக்கு 11 அடி. 1:60-ல் 51 மில்லிமீட்டருக்கு 56. அதன் நடுவில் 6 அடிக்கு 4 அடி வரைபட மேஜை. உங்களிடம் அது 30-க்கு 20 மில்லிமீட்டர். டார்வினின் ஹேமக்கை இந்த மேஜைக்கு மேலேதான் கட்டினார்கள், அதற்கும் மேலே ஸ்கைலைட். டார்வின் ஆறடி ஆள், 30 மில்லிமீட்டர். ஆக, ஹேமக்கைக் கட்டினீர்கள் என்றால் மேஜை முழுவதும் அதன் அடியில் போய்விடும். ஸ்கைலைட்டில் எட்டிப் பார்ப்பவனுக்கு ஒரு துணிப்பொட்டலம் தெரியும், அவ்வளவுதான். மேஜைமேல் நீங்கள் பொறுக்கிப் பொறுக்கி வைத்த வரைபடமும் டிவைடரும் வீண்.

பகல் என்றால் ஹேமக் கட்டியிருக்காது. மேஜை பளிச்சென்று தெரியும். அதில் உதவி சர்வேயர் ஜான் லார்ட் ஸ்டோக்ஸ் ஒரு பக்கம் வரைபடம் வரைவார், இன்னொரு பக்கம் டார்வின் மைக்ராஸ்கோப்போடு உட்காருவார். டார்வினைக் கட்டாயம் படுக்க வைத்தே தீர வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. குமட்டல் வந்தால் வேலையை விட்டுவிட்டு அந்த மேஜைமேலேயே நீட்டிப் படுத்துவிடுவார் என்று ஸ்டோக்ஸ் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். பாதி விரித்த வரைபடம், ஓரத்தில் ஒதுக்கிய புத்தகம், நடுவில் கோட்டோடு ஒரு ஆள். பார்ப்பவன் கேள்வி கேட்பான்.

இரவுதான் வேண்டும் என்றால் ஒரு விஷயத்தை விடாதீர்கள். ஹேமக்கின் கால் பக்கக் கயிறுகளுக்கு அந்த அறையில் இடம் போதவில்லை. மூலையில் இருந்த டிராயர் பெட்டியின் மேல் டிராயரை வெளியே எடுத்துவிட்டுத்தான் தினமும் ஹேமக்கை மாட்டினார். நீங்கள் செய்யும் பெட்டியிலும் மேல் டிராயர் இருக்கும் இடம் காலியாக, அந்த ஓட்டைக்குள் கயிறு போக வேண்டும். எடுத்த டிராயரை 2 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தனியாகச் செய்து தரையில் சாய்த்து வையுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? கழற்றும் மூடி யோசனையை விடுங்கள். மிஸன் பாய்மரம் (மூன்றில் கடைசியாக, பின்பக்கம் நிற்பது) அந்த அறைக்குள்ளேயே இறங்குகிறது, தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. கயிறுகள் எல்லாம் கட்டியான பிறகு மூடியைத் தூக்கவே முடியாது. பக்கவாட்டுப் பலகையைத் திறந்து வைக்கலாம் என்றால் மிஸனைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட் கயிறுகள் வந்து இறங்கும் சானல் பலகை அங்கேதான் வரும். எனவே மேலே இருந்துதான் வழி: தூக்குத் தளத்தின் வலப்பாதியை முழுசாகப் பலகை போட்டு மூடுங்கள், இடப்பாதியில் குறுக்கு உத்தரங்களை மட்டும் விட்டுவிட்டுப் பலகை போடாதீர்கள். பாய்மரத்துக்குத் தொந்தரவில்லை, அறை மேலே இருந்து தெரியும். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த நேவி போர்டு (கடற்படை வாரியம்) மாடல்களிலேயே தளத்தையும் பலகையையும் இப்படித் திறந்துவிடும் பழக்கம் உண்டு. யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். வலப்பாதியின் அடியில் எல்.இ.டி. ஒளிந்துகொள்ளும், அது இன்னொரு லாபம்.

பல்க்ஹெட் அறுப்பது: பயப்பட வேண்டாம், வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் அறுக்கப் போகும் இரண்டு பல்க்ஹெட்டுக்கும் நடுவே, அறைத் தரைக்குக் கீழே, இடமும் வலமும் 10 மில்லிமீட்டர் கட்டைகளை இறுக்கமாக நுழைத்து ஒட்டுங்கள். ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறம் தரைக்கு மேலே இருக்கும் பகுதியை மட்டும் அறுத்து எடுங்கள். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் மிச்சம் வையுங்கள், பலகை ஒட்ட அது வேண்டும். இரும்பு அறுக்கும் பிளேடு போதும், ஜிக்‌சா வேண்டாம். அறையைக் கப்பலுக்குள் கட்டாதீர்கள். உங்கள் வேலை மேஜைமேல் தனிப் பெட்டியாக, மேலே திறந்தபடி, மூன்று சுவரும் தரையும் வைத்துச் செய்து, எல்லாச் சாமானையும் ஒட்டி, பாய்மரத்துக்கான துளையையும் போட்டுவிட்டு, கடைசியில் முழுசாக உள்ளே இறக்குங்கள். வெளிச்சுவர் வளைவுக்கும் பெட்டிக்கும் நடுவே கிடைக்கும் இடுக்கில்தான் கம்பி போகும்.

தேக்கைத் தொடாதீர்கள். கதவுக்கு அது ராஜா. 30 மில்லிமீட்டர் மேஜையில் அதன் துளைகள் கொசுவலை மாதிரி தெரியும். நெருக்கமான ரேகை உள்ள மரம் வேண்டும். மஞ்சக்கடம்பு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். கத்தி வைத்த இடத்தில் சுத்தமாக வெட்டும், மேஜைக்கால் கடையலாம். வெள்ளையாக வேண்டும் என்றால் வெட்பாலை. சென்னபட்டணத்துப் பொம்மைகள் அந்த மரம்தான். கர்நாடகாவில் ஆலெ மரம் என்பார்கள். சாயம் பூசும்போது நிஜத்தைவிட இரண்டு படி வெளிறலாகப் பூசுங்கள். சின்ன அளவில் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. பீகிளின் சொந்த வரைபடங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பீகிள் சேர்ந்த செரோகி வகுப்பில் ஒரே மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டினார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் தங்கைக் கப்பல் பாரகூட்டாவின் வரைபடத்தை வைத்துத்தான் பீகிளை மீட்டெடுத்தார்கள். அறையின் உள்ளமைப்புக்கு, அதே அறையில் டார்வினோடு தூங்கிய மிட்ஷிப்மேன் (இளம் பயிற்சி அதிகாரி) பிலிப் கிட்லி கிங் பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து போட்டுக்கொடுத்த படங்கள்தான் பிடி. அவற்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த மூலையில் எந்தச் சாமான் என்று கிட் புத்தகத்தைக் கேட்காதீர்கள்.

---

செப்புச்சாமான்_ஸ்ரீரங்கம்

நான் கப்பல்காரி இல்லை. கொலுவுக்கு மினியேச்சர் வீடு, கடை, சமையலறை செய்வேன். தாத்தா மரத்தைச் சொல்லிவிட்டார், நான் புத்தகத்தைச் சொல்கிறேன்.

பீகிளில் 400 புத்தகத்துக்கு மேல் இருந்ததாகச் சொல்கிறார்கள், நூலகமே அந்த அறையில்தான். சராசரி 3 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தால், 1:60-ல் ஒரு புத்தகம் அரை மில்லிமீட்டர். 400 புத்தகம் 200 மில்லிமீட்டர். உங்கள் சுவர் 56 தானே, நாலு வரிசையில் அடங்கிவிடும். ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தால் அடுத்த நவராத்திரி வந்துவிடும். அதனால் இப்படிச் செய்யுங்கள்: 4 மில்லிமீட்டர் உயரப் பட்டையாக மெல்லிய மரத்தை வெட்டிக்கொண்டு, அதன் முகத்தில் பிளேடால் ஒழுங்கில்லாத இடைவெளியில் கீறுங்கள். ஒழுங்காகக் கீறினால் சீப்பு ஆகிவிடும். சில இடத்தில் மேல் ஓரத்தை அரத்தால் ஒரு இழை தேய்த்துக் குள்ளமாக்குங்கள். தோல் நிறம் மூன்று போதும்: காப்பி, மங்கின சிவப்பு, வைக்கோல். தங்கக் கோடு போடும் ஆசை வரும், நாலைந்து புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேஜைமேல் திறந்து கிடக்கும் ஒன்றிரண்டை மட்டும் நிஜக் காகிதத்தில் செய்யுங்கள்.

ஹேமக்குக்குத் துணி வேண்டாம். எவ்வளவு மெல்லிய மல் துணி எடுத்தாலும் இந்த அளவில் நெசவு தடிமனாகத் தெரியும். டிஷ்யூ காகிதத்தை ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீரில் நனைத்து, பென்சில்மேல் தொங்கவிட்டுக் காய வையுங்கள். மடிப்பு தானாக விழும். காய்ந்ததும் டீ டிகாஷனை நீர்க்கத் தடவினால் கேன்வாஸ் நிறம் வந்துவிடும்.

சென்னை ஈரத்துக்கு ஒரு எச்சரிக்கை. காகிதமும் பசையும் இருக்கிற இடத்துக்கு ராமபாணப் பூச்சி மோப்பம் பிடித்து வரும். கண்ணாடிப் பெட்டியின் மூலையில் ஒரு வசம்புத் துண்டை வையுங்கள், ஓலைச்சுவடிக்கே அதைத்தான் வைத்தார்கள். நாப்தலின் உருண்டை போடாதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் இருந்தால் அந்த ஆவி அதை இளக்கிவிடும்.

---

பெரம்பூர்_பாய்மரம்

தாத்தா, அக்கா, இருவருக்கும் ரொம்ப நன்றி. பகல் என்று முடிவு செய்துவிட்டேன். டார்வின் மேஜைமேல்தான். இடப்பாதி தளம் திறந்தபடி. நேற்று தரைக்குக் கீழே கட்டை ஒட்டியாயிற்று, இன்று அறுக்கப் போகிறேன்.

இரண்டு கேள்வி. ஸ்கைலைட் கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) போதுமா? எல்.இ.டி.க்கு பட்டன் செல் வைத்தால் மாற்றும்போது எங்கே திறப்பது? அப்புறம் ஒரு பேராசை: 22 குரோனோமீட்டர்கள் (கடற்பயணத்துக்கான துல்லியக் கடிகாரங்கள்) இருந்ததாகப் படித்தேன். அவற்றை இந்த அறையில் எந்தப் பக்கம் வைக்க?

---

பேட்டர்ன்_தாத்தா

குரோனோமீட்டர் இந்த அறையில் இல்லை, கீழ்த்தளத்தில் தனிச் சின்ன அறை. ஆட்டம் குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து, இரண்டு அகலத் தட்டுகளில், ஒவ்வொரு பெட்டிக்கும் அடியிலும் பக்கத்திலும் மூன்று அங்குலம் மரத்தூள் கொட்டி வைத்திருந்தார் கேப்டன் ஃபிட்ஸ்ராய். நம் வீட்டில் மரத்தூளுக்கா பஞ்சம்! ஆனால் அதைக் காட்ட இன்னொரு தளத்தைத் திறக்க வேண்டும். இந்தக் கப்பலில் வேண்டாம். ஆசை தீரவில்லை என்றால் கீழ்த்தளத்தின் குறுக்குவெட்டு மட்டும் 1:24-ல் தனியாகச் செய்யுங்கள், அதில் 22 பெட்டியும் வைக்கலாம்.

கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட் பரவாயில்லை, நாளாக நாளாகக் கீறல் விழும். லேப் சாமான் கடையில் மைக்ராஸ்கோப் கவர் ஸ்லிப் கேளுங்கள். நிஜக் கண்ணாடி, 0.15 மில்லிமீட்டர் அளவில்தான் தடிமன். வைரப் பேனாவால் மெல்லக் கோடு போட்டு ஒடித்தால் சட்டத்தின் அளவுக்கு வரும். சில துண்டு போகும், டப்பாவில் நூறு இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒடியுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் கூடாது, அதன் புகை கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஃபெவிகாலைக் குச்சி முனையில் தொட்டு ஓரத்தில் மட்டும் வையுங்கள். அறைப் பெட்டிக்குள்ளும் இதே கதைதான், மூடின இடத்தில் ஃபெவிக்விக் எதையும் விடாது.

பட்டன் செல் கப்பலுக்குள் வேண்டவே வேண்டாம். மோட்டார் வைண்டிங் கடையில் ஆக மெல்லிய இனாமல் கம்பி ஒரு முழம் கேட்டால் சும்மாவே தருவார்கள். அறையில் இருந்து அதைப் பாய்மரத்தின் பின்பக்கமாகக் கீழே இறக்கி, கீலுக்குப் பக்கத்தில் துளை போட்டு ஸ்டாண்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். ஸ்டாண்டில் பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட், கூட ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். வெள்ளை எல்.இ.டி. 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 2 வோல்ட், ஆக 2 மில்லி ஆம்பியர்தான் ஓடும். அந்தச் சின்ன அறைக்கு அதுவே தாராளம். பகல் காட்சி என்பதால் மஞ்சள் எல்.இ.டி. வாங்கிவிடாதீர்கள், சாதா வெள்ளை. நேராக மேஜைமேல் அடிக்காமல் உத்தரத்தின் பக்கவாட்டில் படும்படி திருப்பி வையுங்கள்.

பெட்டியை உள்ளே இறக்குவதற்கு முன்னால் விளக்கை இரண்டு நாள் விடாமல் எரியவிட்டுப் பாருங்கள். இறக்கிய பிறகு அணைந்தால் தளத்தைப் பிய்க்க வேண்டும்.