மத விடுமுறை நாளில் மது விற்பனைத் தடை தேவையா?

நிலவன்:
அயர்லாந்தில் 1927-இல் போட்ட சட்டத்தால் பெரிய வெள்ளியன்று பப்கள் மூடிக் கிடந்தன. 2018-இல் அதை நீக்கிவிட்டார்கள். இலங்கையில் போயா தினத்தில், அதாவது ஒவ்வொரு பௌர்ணமியன்றும், இன்றும் மது விற்கக் கூடாது. அயர்லாந்து செய்ததுதான் சரி என்பேன். நோன்பு நம்பிக்கை உள்ளவரின் விருப்பம். அதை நம்பாதவர் மேல் போலீஸை வைத்துத் திணிப்பது அரசின் வேலை இல்லை.

பொன்னி:
கடைக்கு வெளியே நிற்பவரை மட்டும் பார்க்கிறீர்கள் நிலவன். உள்ளே ஊற்றிக் கொடுப்பவர்? அயர்லாந்து பப் ஊழியர்களுக்குக் கடை கட்டாயம் மூடியிருந்த நாட்கள் இரண்டுதான்: பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ். இப்போது ஒன்றுதான் மிச்சம். கூட்டம் அலைமோதும் நாளில் முதலாளி தானாக லீவு விடுவாரா? பண்டிகை வந்தாலே அப்பா எந்த நிலையில் வருவாரோ என்று நடுங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நிலவன்:
ஓய்வுதான் பிரச்சினை என்றால் தொழிலாளர் சட்டத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் தடை உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் நாளே வாங்கி வைப்பதை யார் தடுத்தார்கள்? வெளியே குடிக்கிறவர் அன்று வீட்டுக்குள் உட்கார்ந்து குடிப்பார். அது இன்னும் மோசம்.

பொன்னி:
எல்லோரும் திட்டமிட்டு வாங்கி வைப்பதில்லை. கூலி கைக்கு வந்ததும் நேராகக் கடைக்குப் போகிறவர் ஏராளம். அவருக்குப் பூட்டிய கதவு தடைதான்.

தென்றல்:
விதிவிலக்குகளைப் பற்றி இருவருமே பேசவில்லையே. தடை இருந்த காலத்திலும் அயர்லாந்தில் ரயில், கப்பல் டிக்கெட் வைத்திருந்தவருக்கும் ஓட்டலில் தங்கிச் சாப்பிட்டவருக்கும் மது கிடைத்தது. 2010-இல் லிமெரிக் நகரில் பெரிய வெள்ளியன்று ரக்பி போட்டி வந்தபோது, பப்களைத் திறக்க நீதிமன்றமே அனுமதித்தது. தாய்லாந்தில் ஐந்து பௌத்தப் புனித நாட்களில் தடை. 2025 மே மாதம் ஓட்டல்களுக்கும் சர்வதேச விமான நிலையங்களுக்கும் அதைத் தளர்த்தினார்கள், சாதாரணக் கடைக்கு இல்லை. நாளின் புனிதத்துக்காகத்தான் சட்டம் என்றால், காசுள்ளவர் போகும் இடத்தில் மட்டும் அந்தப் புனிதம் ஏன் குறைகிறது?

பொன்னி:
நியாயமான கேள்வி. ஆனால் அதற்காகச் சட்டத்தையே தூக்க வேண்டாம், விதிவிலக்கைத் தூக்குங்கள். ஓட்டலையும் சேர்த்து மூடட்டும்.

நிலவன்:
சுற்றுலா வருமானத்தை விட்டுக்கொடுத்து எந்த அரசு மூடும்? அப்புறம், எந்த மதத்தின் நாள் என்பதை யார் முடிவு செய்வது? இலங்கையில் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும்கூட போயா தடைக்குள்தான் வருகிறார்கள்.

பொன்னி:
மதத்துக்காக நான் வாதாடவில்லை. எந்த மதமும் சாராத பொது நாள் என்று வைத்தாலும் எனக்குச் சம்மதமே, கடை மூடினால் போதும். 2018-லும் அயர்லாந்து கிறிஸ்துமஸ் தடையைத் தொடவில்லை. அதையும் எடுக்கச் சொல்வீர்களா?

நிலவன்:
சொல்வேன். ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு எழுதிவிட்டு எடுக்கட்டும்.

பொன்னி:
சரி, அந்த விடுப்பு முதலில் சட்டமாகட்டும். அதுவரை பூட்டு இருக்கட்டும்.