60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் கால் மரத்துப்போகுது: செகண்ட் ஹேண்ட் 150 சிசி வண்டி, உதவி வேணும்

கேட்டவர் (திண்டுக்கல்):
வணக்கம். போன மாசம் 2016 மாடல் வண்டி ஒண்ணு வாங்கினேன், 52,000 கி.மீ. ஓடினது. 60 வரைக்கும் நல்லாப் போகுது. அதுக்கு மேல ஃபுட்ரெஸ்ட்டும் டேங்கும் அதிருது. வேடசந்தூர் போய்ட்டு வந்தா வலது கால் மரத்துப்போகுது. பின் டயர்தான்னு சொன்னாங்க, மாத்தினேன். செயின் செட்டும் புதுசு. அஞ்சாயிரத்துக்கு மேல செலவாகியும் அப்படியேதான் இருக்கு. அடுத்து எதை மாத்தணும்?

பதில்:
இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க தம்பி. அதிர்வு வண்டி வேகத்தோட வருதா, இன்ஜின் சுத்தோட வருதான்னு முதல்ல பிரிக்கணும். காலி ரோட்டுல 65-ல போகும்போது கிளட்சைப் பிடிச்சு ஆக்சிலேட்டரை விட்டுடுங்க. வண்டி உருண்டுக்கிட்டே இருக்கும், இன்ஜின் மட்டும் ஐடிலுக்கு இறங்கும். அப்பவும் அதிர்ந்தா டயர், ரிம், வீல் பேரிங், செயின். சட்டுன்னு அடங்கினா இன்ஜின் பக்கம். நிறுத்தி நியூட்ரல்ல முறுக்கியும் பாருங்க.

இன்னொருவர்:
கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) பாருங்க பாஸ். எனக்கு அதுதான் இருந்துச்சு.

பதில்:
கோன் செட் போனா ஹேண்டில் ஆடும், முன் பிரேக் பிடிக்கும்போது தட்டுற சத்தம் வரும். இவருக்குக் கால்லயும் டேங்க்லயும்ல வருது.

கேட்டவர்:
பார்த்துட்டேன் அண்ணா. கிளட்ச் பிடிச்சதும் அடங்கிடுது. நாலாவது கியர்ல 50-லயே வருது, மூணாவதுல 40-லயே. நியூட்ரல்லயும் வருது. எதுல பார்த்தாலும் முள் 5,000 ஆர்பிஎம் கிட்ட இருக்கு.

பதில்:
அப்போ டயர் மேல தப்பே இல்ல. இன்ஜின் மவுண்டிங் போல்ட், சைலன்சர் கிளாம்ப் எல்லாம் டைட்டான்னு பாருங்க. வித்தவர்கிட்ட இன்ஜின் வேலை நடந்துச்சான்னு கேளுங்க.

கேட்டவர்:
மேல் மவுண்டிங் போல்ட் ஒண்ணு லூசா இருந்துச்சு, டைட் பண்ணினேன். கொஞ்சம் குறைஞ்சுது, போகல. போர் பண்ணி (சிலிண்டர் உள்பக்கத்தைக் கடைஞ்சு) புது பிஸ்டன் போட்டதா வித்தவர் சொல்றார்.

பதில்:
போர் வேலைக்கு ஹெட்டும் சிலிண்டரும்தான் கழட்டுவாங்க, அதுல இந்த அளவு அதிர்வு வராது. கிராங்க் (பிஸ்டன் ஏறி இறங்குறதைச் சுத்தா மாத்துற தண்டு) வரைக்கும் பிரிச்சாங்களான்னு கேளுங்க. ஒத்த சிலிண்டர் இன்ஜின்ல பிஸ்டன் ஏறி இறங்குற உதறலை கிராங்கோட எதிர் எடை முழுசா சமப்படுத்தாது. மிச்சத்துக்குத்தான் பேலன்சர் ஷாஃப்ட். கிராங்குக்கு எதிர் திசையில, அதே வேகத்துல சுத்தும். உங்க மாடல்ல அது இருந்தா, கிராங்க் கியர்லயும் பேலன்சர் கியர்லயும் இருக்குற அடையாளப் புள்ளிகள் புள்ளிக்குப் புள்ளி சேரணும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஓடும், ஸ்டார்ட் ஆகும், புகை வராது. அதிர்வு மட்டும் நிக்காது. அதனாலதான் பலர் கண்ணுல படாமப் போகுது.

கேட்டவர் (எட்டு நாள் கழிச்சு):
அதேதான் அண்ணா! கனெக்டிங் ராட்ல (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்குற தண்டு) சத்தம் வந்து கிராங்க் பிரிச்சிருக்காங்க. இங்க ஒரு பெரியவர்கிட்ட கொடுத்தேன். கிளட்ச் கவரைக் கழட்டி பார்த்ததுமே காட்டினார், புள்ளி ஒரு பல் தள்ளி நின்னுச்சு. சரியா மாட்டி, புது கேஸ்கெட், ஆயில் போட்டுக் கொடுத்தார். நேத்து வத்தலகுண்டு போய்ட்டு வந்தேன், கால் கால் மாதிரியே இருக்கு. ரொம்ப நன்றி.

பதில்:
சந்தோஷம் தம்பி. இவ்வளவு நாள் அதிர்ந்த வண்டி, 500 கி.மீ. ஓடினதும் மவுண்டிங் போல்ட்டையும் நம்பர் பிளேட் ஸ்குரூவையும் திரும்ப ஒரு தடவை பார்த்துடுங்க.