பி7 ஸ்டட்டா, எல்7 ஸ்டட்டா?

கேள்வி: எங்கள் ஈத்தேன் லைன் மைனஸ் 90 டிகிரி வரை இறங்கும். ஸ்டோரில் பி7 கிரேடு ஸ்டட் (ஃபிளாஞ்சை இறுக்கும் போல்ட்) நிறையக் கிடக்கிறது, குளிர் லைனுக்கான எல்7 கிரேடும் அதே 4140 அலாய் ஸ்டீல்தானே, பி7-ஐயே போட்டால் என்ன?

பதில் 1: தயவுசெய்து போடாதீர்கள். ஸ்டீலும் இழுவலிமையும் ஒன்றுதான், ஆனால் எல்7-ஐ மைனஸ் 101 டிகிரியில் சார்பி சோதனை (குளிரில் அடி தாங்குமா என்று உடைத்துப் பார்ப்பது) செய்து, சராசரியாக 27 ஜூல் தாங்கினால்தான் அனுப்புவார்கள். பி7-க்கு அந்தச் சோதனை கிடையாது, ஆலைக் குழாய்களுக்கான பி31.3 விதித்தொகுப்பும் பி7-ஐ மைனஸ் 48-உடன் நிறுத்திவிடுகிறது. நீராவி, தண்ணீர் லைனுக்கு பி7 தாராளம்.

பதில் 2: நட்டையும் பாருங்கள். எல்7 ஸ்டட்டில் சாதா 2எச் கிரேடு நட் மாட்டியிருந்ததை ஒரு ஷட்டவுனில் பார்த்தேன், கிரீஸைத் துடைத்து முத்திரையைப் படித்த பிறகுதான் தெரிந்தது. குளிருக்கான 7எல் கிரேடு நட் கேளுங்கள்.

கேட்டவர்: சரி, இன்றே எல்7-க்கு இண்டென்ட் போடுகிறேன்.