டிபிஎஸ் பண்ணதுக்கப்புறம் அப்பா ஆளே மாறிட்டார், மெஷினா மாத்திரையா?

மழைத்துளி:
அப்பாவுக்கு 11 வருஷமா பார்க்கின்சன். அஞ்சு மாசம் முன்னாடி டிபிஎஸ் ஆபரேஷன் பண்ணாங்க, அதாவது மூளைல எலக்ட்ரோடு வச்சு மெஷின்ல இருந்து லேசா கரண்ட் குடுக்கறது. நடுக்கம் நின்னுடுச்சு, டம்ளர்ல காபி சிந்தாம குடிக்கிறார், அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனா முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து பழைய ரேடியோவ கழட்டி மாட்டி கழட்டி மாட்டிட்டே இருப்பார், ஆன்லைன்ல டார்ச் லைட்டா வாங்கி குவிச்சார், அந்த மனுஷன் இப்ப ஸ்க்ரூடிரைவர தொடறதே இல்ல. பேரன் வந்தாக்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கறார். கேட்டா "ஒண்ணுமில்லம்மா". அழுகையும் இல்ல. மெஷின் ஏதாவது பண்ணிடுச்சா?

பழைய_ரேடியோ:
ப்ரமிபெக்சால், இல்லேன்னா ரோபினிரோல்னு பார்க்கின்சன் மாத்திரை ஏதாவது போட்டுட்டு இருந்தாராம்மா? அந்த மாத்திரையால வர்ற இந்த கழட்டி மாட்டுற வேலைக்கு பண்டிங்னு பேரு, டார்ச் வாங்குனதும் அதே கேஸ்தான், சிலருக்கு சூதாட்டம் வரும். மூளைக்குள்ள ஆழத்துல சப்தலாமிக் நியூக்ளியஸ்னு ஒரு சின்ன இடம், எலக்ட்ரோட அங்க வச்சா மாத்திரைய நல்லா குறைச்சிடுவாங்க, ஆசை அடங்கும், ஆனா ரொம்ப வேகமா குறைச்சா ஆர்வமே போயி இப்படி உக்காந்துடுவாங்க. என் அண்ணனுக்கு டாக்டர் கொஞ்சூண்டு திரும்ப ஏத்தினார், பேச்சு வர ரெண்டு மாசம் ஆச்சு. நீங்களா கூட்டவோ நிறுத்தவோ செஞ்சிடாதீங்க.

சுமதி_கே:
எங்க வீட்ல நேர் எதிர். மெஷின்ல கரண்ட்ட ஏத்தின வாரம் இவர் தூங்கவே இல்ல, விடிய விடிய பேச்சு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு கடன் தரேன்னு வாக்கு குடுத்துட்டார் (எங்ககிட்டயே இல்ல!). எலக்ட்ரோடு வைக்கிற அந்த சப்தலாமிக் இடம் பட்டாணி சைஸ்தானாம், அதுலயே அசைவுக்கு ஒரு பக்கம், உணர்ச்சிக்கு ஒரு பக்கம், எங்களுக்கு கரண்ட் கீழ கசிஞ்சிருக்கு. எலக்ட்ரோடுல கரண்ட் வெளிய வர்ற புள்ளிய, அதான் கான்டாக்ட், மேல இருக்குறதுக்கு மாத்தினாங்க, நாலு நாள்ல மனுஷன் ஆனார். அதனால என்னைக்கு மெஷின் செட்டிங் மாத்தினாங்க, என்னைக்கு மாத்திரை குறைச்சாங்க, ரெண்டு தேதியும் எழுதி எடுத்துட்டு போங்க, அதுவே பாதி பதில்.

மழைத்துளி:
சீட்டு பாத்தேன். ப்ரமிபெக்சால் மூணே வாரத்துல மொத்தமா நிறுத்திருக்காங்க, செட்டிங் அப்ப மாத்தவே இல்ல!! இத யாருமே எங்ககிட்ட சொல்லல.

பழைய_ரேடியோ:
அப்ப உடனே போன் போடுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னொண்ணு, வாழ பிடிக்கலையான்னு அப்பாகிட்ட நேராவே கேளுங்க. ஆபரேஷன் ஆன முதல் வருஷம் இதுல கண்ணு இருக்கணும், கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கறது சும்மா.

மழைத்துளி:
கேட்டேன் அண்ணா. "சாவணும்னு இல்லம்மா, எதுவும் வேணும்னே தோணல"ன்னார். நாளைக்கு காலைல கூட்டிட்டு வர சொல்லிருக்காங்க.