ஊட்டிக் குளிர், புதுத் தொட்டி, மீன்கள் அடியிலேயே கிடக்கின்றன

போன ஞாயிறு இரண்டடித் தொட்டி வைத்து, மறுநாளே மேட்டுப்பாளையத்திலிருந்து ஆறு கப்பி, நாலு மோலி வாங்கிவந்து விட்டேன். இரண்டு போய்விட்டன, மற்றவை துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?

குன்னூர்க்காரன்:
ஹீட்டர் பற்றிச் சொல்லவே இல்லையே? இந்த மீன்களுக்கு 24–26 டிகிரி வேண்டும். மலையேறும்போதே பை குளிர்ந்திருக்கும். அடுத்த முறை பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு அரை டம்ளராகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். அன்றைக்கு விளக்கு வேண்டாம்.

கோத்தகிரி மீன்பித்து:
ஹீட்டர் சரி, ஆனால் புதுத் தொட்டியில் ஒரே நாளில் பத்து மீனா! கண்ணாடி மாதிரித் தண்ணீரிலும் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷம் இருக்கும். அதைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற 4–6 வாரம் ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும். அதுவரை தினமும் கால்பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கி, தொட்டிச் சூட்டுக்கே கொண்டுவந்து மாற்றுங்கள். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள் சிட்டிகை போதும். பழைய தொட்டிக்காரர் யாரிடமாவது அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் யோகம், நான் அப்படித்தான் தப்பித்தேன். கழுவிவிடாதீர்கள்!

கேட்டவர்:
ஹீட்டர் இல்லை அண்ணா. இப்போதுதான் பார்த்தேன், 17 காட்டுகிறது.

குன்னூர்க்காரன்:
ஹீட்டர் வாங்குங்கள். ஒரேயடியாகச் சூடேற்றாமல் மணிக்கு ஒரு டிகிரியாக ஏற்றுங்கள்.