பில்டர் காபிக்கு பர் கிரைண்டர்: கையால் சுற்றுவதா, கரண்டில் ஓடுவதா?

கோவைக்காரி:

வணக்கம். வீட்டில் காபி குடிப்பது மூன்று பேர்: நான், கணவர், மாமியார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பித்தளை பில்டரில் போடுவோம். இதுவரை பாக்கெட் பொடிதான் வாங்கிக்கொண்டிருந்தோம். ஏற்காடு போய்வந்த உறவினர் ஒருவர் வறுத்த கொட்டை அரைக் கிலோ கொடுத்தார். அதை மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைக்கிறேன். அரைக்கும்போது வாசனை அமர்க்களமாக இருக்கிறது. பில்டரில் போட்டால்தான் வம்பு. சில நாள் தண்ணீர் மேல் பாத்திரத்திலேயே நிற்கிறது, தட்டினாலும் இறங்குவதில்லை. சில நாள் மளமளவென்று இறங்கி, டிகாஷன் டீ நிறத்தில் வந்துவிடுகிறது. எப்படி வந்தாலும் கசப்புக்கு மட்டும் குறைவில்லை.

பர் கிரைண்டர் வாங்குங்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். தேடிப் பார்த்தால் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கும் இருக்கிறது, ஐம்பதாயிரத்துக்கும் இருக்கிறது. செராமிக் என்கிறார்கள், ஸ்டீல் என்கிறார்கள், கூம்பு என்கிறார்கள், தட்டை என்கிறார்கள். என் பட்ஜெட் எட்டாயிரம். மாமியாருக்கு சிக்கரி இல்லாவிட்டால் அது காபியே இல்லை. சிக்கரியையும் அதிலேயே போட்டு அரைக்கலாமா? டிசம்பரில் தம்பி அமெரிக்காவிலிருந்து வருகிறான். அங்கிருந்து கரண்டில் ஓடுவதாக ஒன்று வாங்கிவரச் சொல்லலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொடிக்கடைப் பையன்:

சகோதரி, எங்கள் அப்பா கும்பகோணத்தில் காபிப்பொடிக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அரைக்கும் மிஷின் என் பொறுப்பு. இப்போது கடை இல்லை, எனக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் யார் வீட்டில் காபிப்பொடியைப் பார்த்தாலும் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

உங்கள் மிக்ஸிப் பொடியை அப்படித் தேய்த்துப் பாருங்கள். மாவுத் தூளும் நறநறவென்ற குருணையும் சேர்ந்தே இருக்கும். மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டும், அரைக்காது. அடியில் மாட்டியது தூளாகிவிடும், மேலே சுற்றிக்கொண்டிருப்பது குருணையாகவே நிற்கும். பில்டரில் அந்தத் தூள் போய்த் துளையை அடைக்கும், தன் கசப்பை மொத்தமாக இறக்கிவிடும். குருணையோ உள்ளே இருக்கும் சாரத்தைக் கொடுக்காமலே சக்கையாகிவிடும். நீர்த்த டிகாஷன், அதிலும் கசப்பு என்று உங்களுக்கு வருவது இதனால்தான். இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. தூள்தான் கூடும்.

பர் கிரைண்டரில் பல் வைத்த இரண்டு துண்டுகள் இருக்கும், அவைதான் பர். ஒன்று நிற்கும், ஒன்று சுழலும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு அடங்கும்வரை கொட்டை வெளியே வர முடியாது. எங்கள் கடை மிஷினும் இதே வகைதான். இரண்டு இரும்புத் தட்டு, பக்கவாட்டில் இறுக்குவதற்கு ஒரு சக்கரம். 'பில்டருக்கு' என்று கேட்டால் சக்கரம் ஓர் இடத்தில் நிற்கும், 'நைஸா' என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்குவோம். தட்டு தேய்ந்துபோனால் பொடி சூடாக விழும். அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தட்டை மாற்றச் சொல்லுவார்.

மூன்று பேர், எட்டாயிரம் ரூபாய் என்றால் கையால் சுற்றும் கிரைண்டரே வாங்குங்கள். அந்தப் பணத்துக்குக் கரண்டில் ஓடுவது வாங்கினால் மோட்டார், டப்பா, பித்தான் என்று பாதிக் காசு போய்விடும், அரைக்கிற பல்லுக்கு மிச்சம் கொஞ்சம்தான். கையால் சுற்றுவதில் மொத்தக் காசும் பல்லுக்குப் போகிறது. என்னிடம் இருப்பது டைம்மோர் சி2. 38 மில்லிமீட்டர் ஸ்டீல் பர், ஒரு தடவைக்கு 20 முதல் 25 கிராம் கொட்டை பிடிக்கும். பில்டர் பதத்துக்கு அரைக்க ஒன்றரை, இரண்டு நிமிடம் சுற்ற வேண்டும். இதையேதான் வாங்க வேண்டும் என்று இல்லை. எதை வாங்கினாலும் நடுத்தண்டை மேலும் கீழும் இரண்டு இடத்தில் பேரிங் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மலிவு விலை செராமிக் கிரைண்டர்கள் பலவற்றில் மேலே மட்டும்தான் பிடிப்பு இருக்கும். சுற்றும்போது கீழே இருக்கும் பல் ஆடும். பல் ஆடினால் இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும், மிக்ஸியை விட்டு வந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். செராமிக் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் கொட்டையோடு ஒரு சின்னக் கல் வந்து மாட்டினால் விளிம்பு உடைந்துவிடும்.

பர் கூம்பு வடிவமா, தட்டை வடிவமா என்ற சண்டையை எஸ்பிரெஸ்ஸோக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டம்ளரில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சிக்கரியை இதில் போடவே போடாதீர்கள். வறுத்த சிக்கரி சீக்கிரம் ஈரம் இழுக்கும், பல்லில் அப்பிக்கொள்ளும். கட்டியாக இருந்தால் சுற்றவும் வராது. சிக்கரித்தூள் தனியாகக் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கலந்துகொள்ளுங்கள். மாமியாருக்கு 20 கிராம் காபிக்கு 5 கிராம் என்று ஆரம்பிக்கலாம். இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. காபியில் தண்ணீரில் கரையக்கூடியது ஏறக்குறைய முப்பது சதவீதம், சிக்கரியில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அது ஊறித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அதனால் சிக்கரி கலந்த பொடி கொஞ்சம் பருமனாக இருந்தாலும் டிகாஷன் கெட்டியாக வரும். சிக்கரி இல்லாமல் போடுகிற நாளில் பதம் மாற்றும் திருகை ஒன்றிரண்டு கிளிக் (திருப்பும்போது 'டிக்' என்று நிற்கும் ஒரு படி) இறுக்கி நைஸாக அரைக்க வேண்டும். தனிக் காபிக்கு மாறியவர்கள் 'ஸ்ட்ராங்கே இல்லை' என்று புலம்புவது பெரும்பாலும் பழைய பதத்திலேயே அரைப்பதால்.

அமெரிக்காவிலிருந்து கரண்டு மிஷின் வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் அன்றோடு கதை முடியும். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் காபி மேடையில் அந்த இரும்புப் பெட்டிக்கு இடம் வேண்டும், ரிப்பேர் என்றால் பார்க்க ஆள் இருக்காது. தம்பி கை கிரைண்டர் வாங்கிவந்தால் எந்தத் தொல்லையும் இல்லை.

டம்ளர் டபரா:

எல்லாம் சரி சார், ஒரு கேள்வி. மயிலாப்பூர், தி.நகர், மாம்பலம் பக்கம் தெருவுக்கு ஒரு பொடிக்கடை இருக்கிறது. கண் முன்னால் அரைத்துச் சூடாகப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். வாரம் 100 கிராம் வாங்கினால் போதாதா? காலையில் பால் பொங்குகிற நேரத்தில் யார் நின்று இதைச் சுற்றுவது? எட்டாயிரத்துக்கு எத்தனையோ மாதம் காபி குடிக்கலாம்.

பொடிக்கடைப் பையன்:

தம்பி, கடைக்காரன் பிள்ளை நானே அதை மறுக்க முடியுமா? கொட்டை தேங்காமல் விற்றுப்போகும் கடை பக்கத்தில் இருந்து, 100 கிராமுக்கு மேல் வாங்காமல், காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அந்தக் காபிக்கு நிகர் இல்லை. பாக்கெட் பொடியை அதோடு சேர்க்காதீர்கள். காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் சட்டம், அதாவது கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாக இருந்தாலும் விற்கலாம். எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் கடையில் ஒரு சங்கடம் உண்டு. உங்களுக்கு முன்னால் நின்றவர் எதை அரைத்தாரோ அதன் மிச்சம் தட்டுக்கு நடுவில் இருக்கும். அவர் கசப்பு கூடிய ரோபஸ்டா ரகம் அரைத்திருந்தால் உங்கள் பீபெரியில் (பழத்துக்கு ஒன்றாக விளையும் உருண்டைக் கொட்டை) முதல் பிடி அதுதான். அப்பா ஒரு கைப்பிடி ஓட்டித் தள்ளிவிட்டுத்தான் அடுத்தவருக்கு அரைப்பார். எல்லாக் கடையிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

கோவைக்காரி சகோதரிக்கு எஸ்டேட் கொட்டை கையில் இருக்கிறது. அதைக் கடையில் கொடுத்து அரைக்கலாம், ஆனால் அரைக் கிலோவையும் ஒரே நாளில் அரைத்தால் முதல் வாரம் இருக்கும் வாசனை இரண்டாவது வாரம் இருக்காது. கொட்டையாக வைத்தால் வறுத்த நாளிலிருந்து மூன்று நான்கு வாரம் தாராளமாகத் தாங்கும். கிரைண்டர் வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த நியாயமான காரணம் இது ஒன்றுதான். நல்ல கொட்டை வாங்கப் போவதில்லை என்றால் கிரைண்டரும் வேண்டாம்.

நீலகிரிக்காரன்:

நல்ல விளக்கம் அண்ணா. சுத்தம் செய்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்டீல் பரைத் தண்ணீரில் கழுவக் கூடாது, துருப்பிடிக்கும். வாரம் ஒரு தடவை கழற்றி, காய்ந்த பிரஷால் தட்டி எடுத்தால் போதும். ஒரு பிடி பச்சரிசி போட்டு ஓட்டினால் சுத்தமாகிவிடும் என்று வீடியோவில் சொல்வதைக் கேட்காதீர்கள். பச்சரிசி கொட்டையைவிடக் கடினம், கரண்டில் ஓடும் கிரைண்டரில் மோட்டார் திணறும். எண்ணெய் மினுமினுக்கும் அளவுக்குக் கருக்க வறுத்த கொட்டை பல்லில் சீக்கிரம் பிசுக்குப் பிடிக்கும். அதற்கு நேர்மாறாக, இப்போது இணையத்தில் விற்கிற இளவறுவல் கொட்டை கல் மாதிரி இருக்கும், கையால் சுற்றித் தோள் வலி வந்துவிடும். பில்டருக்கு நடுத்தர வறுவல், அதற்குச் சற்று மேலே என்றால் சுற்றவும் சுலபம், பாலிலும் எடுபடும்.

காற்று காய்ந்திருக்கும் மாதங்களில் பொடி டப்பாவின் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அரைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் அது. கொட்டையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கரண்டிக் காம்பால் கலக்கிவிட்டு அரைத்தால் ஒட்டாது. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் ஐந்தாறு பேர் குடித்தாலோ யாருக்காவது மணிக்கட்டு வலி இருந்தாலோ கை கிரைண்டர் சரிப்படாது. அப்போது காசு சேர்த்து, கரண்டில் ஓடும் பராட்சா என்கோர் போன்ற ஒன்று வாங்கலாம். 40 மில்லிமீட்டர் கூம்பு பர், பதம் மாற்ற 40 நிலைகள், தேய்ந்த பாகம் தனியாகக் கிடைக்கும். எங்கள் ஹோம்ஸ்டேயில் அதுதான் ஓடுகிறது. பதத்தை நைஸ் பக்கம் மாற்றும்போது மட்டும் மிஷினை ஓடவிட்டு மாற்ற வேண்டும். நிறுத்தி வைத்து இறுக்கினால் நடுவில் மாட்டிய கொட்டையில் பல் நெரியும்.

கோவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. தம்பி வரும்வரை பொறுமை இல்லை, பொடிக்கடைப் பையன் அண்ணா சொன்ன மாடலையே வாங்கிவிட்டேன். ஆனால் கூடவந்த காகிதத்தில் பில்டர் காபி என்ற பேச்சே இல்லை. எஸ்பிரெஸ்ஸோ, பிரெஞ்ச் பிரெஸ் என்று ஏதேதோ எண்கள் போட்டிருக்கிறது. நான் எத்தனையில் வைப்பது? பொடியை அழுத்த வேண்டுமா, வேண்டாமா? மாமியார் நன்றாக அழுத்தச் சொல்கிறார்.

பொடிக்கடைப் பையன்:

முதலில் கொட்டை போடாமல் அடியில் உள்ள திருகை மெல்ல இறுக்குங்கள். பல்லோடு பல் முட்டி, கைப்பிடி தானாகச் சுழலாமல் நிற்கும் இடம்தான் பூஜ்யம். அங்கிருந்து பின்னால் திருப்பிக்கொண்டே கிளிக்கை எண்ணுங்கள். என்னுடையதில் சிக்கரி சேர்த்தால் 13, சேர்க்காவிட்டால் 11. உங்களுடையதில் ஒன்றிரண்டு முன்பின் இருக்கும், அதனால் 13இல் ஆரம்பியுங்கள். பொடி உப்பைவிட நைஸாக, ஆனால் விரலில் மாவாக ஒட்டாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் எண்ணை மறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 25 கிராம் பொடிக்கு 150 மில்லி தண்ணீர், கொதித்து அடங்கியது. பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும், ஆக 100 மில்லி டிகாஷன் கிடைக்கும், மூன்று டம்ளருக்குச் சரி. இருபது நிமிடத்தில் பெரும்பகுதி இறங்கியிருந்தால் பதம் சரி. ஐந்து நிமிடத்தில் காலியானால் ஒரு கிளிக் இறுக்குங்கள். அரை மணி ஆகியும் நின்றால் ஒரு கிளிக் தளர்த்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிளிக், அதற்கு மேல் மாற்றாதீர்கள். தண்ணீர், பொடி, பதம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

அழுத்தும் விஷயத்தில் மாமியார் சொல்வது பருமனான பொடிக்குப் பொருந்தும். உங்கள் பொடி இப்போது ஒரே சீராக இருக்கும், கரண்டியின் முதுகால் சமப்படுத்திவிட்டு அழுத்தும் தட்டை அதன் கனத்திலேயே உட்காரவிட்டால் போதும். முதலில் நாலு ஸ்பூன் தண்ணீர் விட்டு அரை நிமிடம் நிறுத்துங்கள். புதுக் கொட்டையாக இருந்தால் பொடி உப்பி, குமிழ் விடும். அது அடங்கிய பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள்.

இரண்டாம் டிகாஷன் எடுக்கிற பழக்கம் இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மிக்ஸிப் பொடியில் குருணைக்குள் சாரம் மிச்சம் இருந்ததால் இரண்டாவது ஓரளவு தேறியிருக்கும். இனிமேல் அவ்வளவு தேறாது. மாலைக் காபிக்குப் புதிதாக அரைத்துக்கொள்ளுங்கள்.

டம்ளர் டபரா:

சார், அந்த 25 கிராமை ஸ்பூன் கணக்கில் சொன்னால் உதவியாக இருக்கும். தராசு எல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது.

பொடிக்கடைப் பையன்:

வாங்கமாட்டேன் என்றவர் அளவு கேட்கிறீர்களே! ஸ்பூன் கணக்கு ஏமாற்றும் தம்பி, வறுவல் கருக்கக் கருக்கக் கொட்டை எடை குறைந்து உப்பிவிடும். சமையலறைத் தராசு ஐந்நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அதை முதலில் வாங்குங்கள், கிரைண்டரை அப்புறம் பார்க்கலாம்.