கேமை நீக்கியாச்சு, பூட்டு மட்டும் போகவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

பழையடிஸ்க்:

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்று, விண்டோஸின் மையப் பகுதிக்குள் கள்ள நிரல் நுழையாமல் காக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதை ஆன் செய்யப் போனேன். முடியாது என்றது. பொருந்தாத டிரைவர்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியலும் கொடுத்தது. பட்டியலில் இரண்டு கோப்புகள். பெயரைப் பார்த்தால் கிராஃபிக்ஸ் கார்டுடையதும் இல்லை, பிரின்டருடையதும் இல்லை. தேதியைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. விண்டோஸ் 7 காலத்தில் டிஸ்க்கில் வாங்கி விளையாடிய ஒரு கேமோடு வந்த நகல் தடுப்பு டிரைவர்கள் அவை, அதாவது கேமின் பூட்டு.

கேமை முடித்த கையோடு அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். அதன் பிறகு விண்டோஸ் 10 வந்தது. பழையதை அழிக்காமல் மேலேயே ஏற்றிக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க் மாறி எஸ்எஸ்டி வந்தபோதும் அப்படியே குளோன் எடுத்து வைத்தேன். கேமின் சேவ் ஃபைல்கூட இந்தப் பயணத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது. பூட்டு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தத் திரையில் ‘நீக்கு’ என்று ஒரு பொத்தானும் கிடையாது. கோப்பின் பெயரைச் சொல்லும், அதோடு சரி. ‘புரோகிராம்கள்’ பட்டியலிலும் எதுவும் இல்லை. உங்களில் யாருக்காவது இப்படிப் பழைய பூட்டு எதிர்ப்பட்டிருக்கிறதா? எங்கே பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள்?

கெர்னல்கிறுக்கன்:

நண்பரே, உங்களுக்காவது கேம் வாங்கி விளையாடியதால் வந்தது. கேமே விளையாடாதவர்கள் கணினியிலும் ஒன்று உட்கார்ந்திருந்தது, தெரியுமா? சேஃப்டிஸ்க் என்ற பூட்டின் டிரைவர், செக்டிஆர்வி. மேக்ரோவிஷன் நிறுவனத்துடையது. விண்டோஸ் எக்ஸ்பியோடு மைக்ரோசாஃப்ட்டே சேர்த்துக் கொடுத்தது. 2007 கடைசியில் அந்த டிரைவரில் ஓட்டை இருப்பது வெளியே வந்தது. சாதாரணக் கணக்கில் நுழைந்த ஒரு புரோகிராம், அதைப் பிடித்துக்கொண்டு முழு நிர்வாகி அதிகாரம் வரை ஏறிவிட முடியும். அந்த டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

இந்த மாதிரி டிரைவர் எதற்கு என்று புதியவர்கள் கேட்கலாம். அசல் டிஸ்க்கையும் நகலையும் பிரித்துப் பார்க்க, டிஸ்க்கில் வேண்டுமென்றே சில பகுதிகளைப் படிக்க முடியாதபடியோ தாறுமாறாகவோ அச்சிட்டிருப்பார்கள். சாதாரண ரைட்டர் அதை அப்படியே நகலெடுக்கத் திணறும். அந்த இடங்களைச் சோதிக்க, விண்டோஸின் வழக்கமான கோப்பு வாசிப்பு போதாது. டிரைவோடு கீழ்மட்டத்தில் பேச வேண்டும், யாராவது டீபக்கர் வைத்து எட்டிப் பார்க்கிறார்களா என்றும் கவனிக்க வேண்டும். அதற்குத்தான் கெர்னலுக்குள், அதாவது விண்டோஸின் மையப் பகுதிக்குள், ஓர் ஆள். ஒரே ஆள் பல கேம்களுக்கு வேலை பார்ப்பதால், ஒரு கேமை நீக்கும்போது அந்த ஆளை வெளியே அனுப்ப மாட்டார்கள். இன்னொரு கேமுக்குத் தேவைப்படலாமே என்பது அவர்கள் கணக்கு. கடைசி கேமும் போன பிறகு விளக்கை அணைக்க யாரும் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் செக்டிஆர்விக்கு இடமே கொடுக்கவில்லை. அதே செப்டம்பரில் விஸ்டா, 7, 8, 8.1 எல்லாவற்றிலும் ஓர் அப்டேட் அதை முடக்கிப் போட்டது. வேண்டுமானால் கமாண்ட் வரியில் தற்காலிகமாக ஆன் செய்து விளையாடிவிட்டு மறுபடி ஆஃப் செய்துகொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்டே வழியும் சொன்னது. விண்டோஸ் 10-இல் அந்த வழியும் இல்லை.

என்னிடம் இருக்கும் ஒரு பழைய வியூக விளையாட்டை 10-இல் ஓட்டிப் பார்த்தேன். ஐகானை டபுள் கிளிக் செய்ததும் அனுமதி கேட்கும் கட்டம் வருகிறது. ‘ஆம்’ கொடுத்ததும் டிஸ்க் ஒரு சுற்று சுற்றுகிறது. அவ்வளவுதான். பிழைச் செய்தி இல்லை, கறுப்புத் திரை இல்லை, ஒன்றுமே நடக்காத மாதிரி டெஸ்க்டாப் சிரிக்கிறது. தப்பு என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சும்மா இருந்துவிடுகிறதே, அதுதான் கடுப்பு.

ராத்திரிராஜா:

என்னுடையது டிரைவர் இல்லை, ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை ‘கீ’ கீயாகப் பதிந்து வைக்கும் இடம். பழைய குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, எப்போதோ நீக்கிய ஒரு கேமின் பூட்டு விட்டுப்போன ஒரு கீ கண்ணில் பட்டது. கீயின் பெயரே ஓர் அதட்டல்: ‘எச்சரிக்கை! எந்தக் கீயையும் ஒருபோதும் அழிக்காதே, மாற்றாதே’. ஆங்கிலத்தில், முழுக்கப் பெரிய எழுத்தில். சரி, அழித்துத்தான் பார்ப்போமே என்று டெலிட் கொடுத்தேன். ‘கீயை அழிப்பதில் பிழை’. நிர்வாகியாக நுழைந்தாலும் அதே. அனுமதியெல்லாம் எடுத்துக் கொடுத்தாலும் அதே.

விஷயம் அனுமதியில் இல்லை. விண்டோஸின் உள்மட்டத்தில் ஒரு பெயருக்கு எத்தனை எழுத்து என்று எண்ணி வைத்துக்கொள்வார்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டர் மாதிரியான சாதாரணப் புரோகிராம்களோ, பூஜ்ய எழுத்து வந்தால் பெயர் அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். இந்தக் கீயின் பெயருக்குள் அந்தப் பூஜ்ய எழுத்தை ஒளித்து வைத்திருந்தார்கள். அதனால் எடிட்டர் பாதிப் பெயரை வைத்துத் தேடும், அப்படியொரு கீ கிடைக்காது, கையை விரிக்கும். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் ரெக்டெல்நல் என்று ஒரு குட்டிக் கருவி இருக்கிறது. இதே வேலைக்காகவே எழுதியது. ஓட்டினேன், கண்டுபிடித்தது, கேட்டது, அழித்தது.

அந்தக் கீயால் எனக்குத் தொந்தரவு ஏதாவது இருந்ததா என்றால், இல்லை. என் கணினியில் நான் அழிக்க முடியாத ஒன்று இருக்கிறது என்பதுதான் உறுத்தியது.

அதே பூட்டு, விளையாடிய காலத்தில் இன்னொரு கூத்தும் அடித்தது. என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் புராசஸ் எக்ஸ்புளோரரை ஒருமுறை திறந்திருந்தால் போதும், கேம் ஓடாது. மூடினாலும் ஓடாது. ரீஸ்டார்ட் செய்தால்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரைவிட நல்ல கருவி வைத்திருப்பவன் எல்லாம் திருடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல.

சும்மாஒருவன்:

எக்ஸ்பி நாட்களில் என் டிவிடி டிரைவ் திடீரென்று நொண்ட ஆரம்பித்தது. ஒரு டிஸ்க்கைக் காப்பி செய்தால் மவுஸ்கூட விட்டுவிட்டு நகரும். டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறங்கியிருந்தது. சேனலை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், அப்புறம் கொஞ்ச நாளில் மறுபடி இறங்கும். ‘மறைந்த சாதனங்களைக் காட்டு’ என்று கொடுத்தால், பிளக் அண்ட் பிளே அல்லாத டிரைவர்களின் கீழே, நீக்கிவிட்ட கேமின் பூட்டு உட்கார்ந்திருந்தது.

அதனால்தான் இப்படி ஆனது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எக்ஸ்பியில் ஒரு டிரைவிலிருந்து 6 முறை பிழை வந்தால் விண்டோஸே வேகத்தை ஒரு படி குறைத்துவிடும். கீறல் விழுந்த டிஸ்க்கும் அந்தப் பிழையைக் கொடுக்கும், வேண்டுமென்றே கெடுத்து வைத்த பகுதியை விடாமல் படிக்கச் சொல்லும் பூட்டும் கொடுக்கலாம். பூட்டை எடுத்த பிறகு தொந்தரவு வரவில்லை. அதே சமயத்தில் கேபிளையும் மாற்றினேன். ஆக, யார் குற்றவாளி என்று எனக்கே தெரியாது.

மூன்றாம்லெவல்:

பொதுவாகவே அந்தக் காலத்தில் ஸ்டார்ஃபோர்ஸ் என்ற பூட்டின் மேல் இப்படிப்பட்ட புகார்கள் குவிந்தன, நிறுவனம் மறுத்தது. அதைத் தன் கேம்களில் போட்ட யுபிசாஃப்ட் நிறுவனத்தின் மேல் 2006-இல் வழக்கே போட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே யுபிசாஃப்ட் இனி ஸ்டார்ஃபோர்ஸ் வேண்டாம் என்று கைகழுவியது. டிரைவர்களை நீக்க ஸ்டார்ஃபோர்ஸ் தனிக் கருவி கொடுத்தது. செக்யூரோம் என்ற இன்னொரு பூட்டுக்கும் அப்படி ஒன்று இருந்தது. டேஜஸ் என்ற பூட்டு என்றால் அதன் டிரைவர் இன்ஸ்டாலரிலேயே நீக்கும் வசதி இருக்கும். பழையடிஸ்க் அண்ணா, முதலில் எந்தப் பூட்டு என்று கண்டுபிடித்து, அதை உருவாக்கியவர்களின் கருவியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால்தான் கையால் எடுக்கும் வேலை.

சேவ்பாயிண்ட்:

கையால் எடுப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

என் நண்பர் ஒருவர் ‘பூட்டை ஒழிக்கிறேன்’ என்று சிஸ்டம்32-இன் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் போய், சந்தேகம் வந்த கோப்பையெல்லாம் தூக்கிவிட்டார். மறுநாள் டிவிடி டிரைவே காணோம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். அவர் தூக்கியதில் ஒன்று ஃபில்டர் டிரைவர். டிஸ்க் டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்பது. கோப்பு போய்விட்டது, ஆனால் ‘இவனைக் கேட்காமல் டிஸ்க்கைத் தொடாதே’ என்ற ரெஜிஸ்ட்ரி குறிப்பு அப்படியே இருந்தது. அதில் பெரிய வேடிக்கை, அந்தக் கோப்பு கேம் பூட்டே இல்லை, டிஸ்க் எரிக்கும் மென்பொருளுடையது.

அதனால் வரிசை முக்கியம். விண்டோஸோடு தானாகத் தொடங்குவதையெல்லாம் பட்டியலிடும் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் கோப்புகளை மறைத்துவிட்டு, டிரைவர்கள் பக்கத்தைப் பாருங்கள். நிறுவனப் பெயரும் கோப்பு இருக்கும் இடமும் அங்கேயே தெரியும். முதலில் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து சில நாள் ஓட்டிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் சர்வீஸ் பதிவை நீக்குங்கள், கோப்பைக் கடைசியாக. அதற்கு முன் ரீஸ்டோர் பாயிண்ட்.

இன்னொன்று. எல்லாப் பூட்டையும் ‘ரூட்கிட்’, அதாவது கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் கள்ள மென்பொருள், என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பீதி 2005-இல் சோனி பிஎம்ஜி இசை சிடிக்களால் கிளம்பியது. அவற்றில் இருந்த எக்ஸ்சிபி என்ற நகல் தடுப்பு மென்பொருள், டாலர் குறிகளுக்கு நடுவே ‘சிஸ்’ என்று பெயர் தொடங்கும் எதையும் கண்ணுக்கே தெரியாமல் மறைத்தது. சிஸ்இன்டர்னல்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச் அதைக் கண்டுபிடித்து எழுதியதும் ஊரே கொந்தளித்தது, டிஸ்க்குகளைத் திரும்பப் பெற்றார்கள். கேம் பூட்டுகள் பெரும்பாலும் இப்படி ஒளியவில்லை. சொல்லாமல் வந்தன, சொல்லாமல் தங்கின. அது மரியாதைக் குறைவுதான், ஆனால் அதுவும் இதுவும் ஒன்றல்ல.

பழையடிஸ்க்:

சேவ்பாயிண்ட் சொன்ன வரிசையில் செய்தேன். தயாரித்த நிறுவனத்தின் இன்ஸ்டாலர் கிடைத்தது, ஒரு டிரைவரை அது எடுத்துவிட்டது. இன்னொன்றை ஆட்டோரன்ஸில் முடக்கி, பிறகு நீக்கினேன். மெமரி இன்டெக்ரிட்டி இப்போது ஆன். ரொம்ப நன்றி, பாஸ்.

ஆனால் ஒரு கேள்வி. டிரைவர் இல்லாமல், ஆக்டிவேஷன் மட்டும், அதாவது நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி வாங்கச் சொல்லிக் கேட்ட கேம்கள் என்ன கதி?

நிழல்வீரன்:

அதுதான் என் கதை. மதர்போர்டு போனது, புதியது போட்டேன், விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினேன். கேமை இன்ஸ்டால் செய்தால் ‘உங்கள் ஆக்டிவேஷன் எண்ணிக்கை முடிந்துவிட்டது’. அன்இன்ஸ்டால் செய்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமாம். செத்துப்போன போர்டில் எப்படி அன்இன்ஸ்டால் செய்வது? உதவி மையத்துக்கு எழுதினால், ரசீதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன், டிஸ்க்கோடு சேர்த்துப் படம் பிடிக்கச் சொன்னார்கள். அனுப்பினேன், கையால் எழுதிய குறிப்போடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். ஆளைக் கடத்தியவன்தான் இப்படிப் பத்திரிகையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பான். கடைசியில் திறந்துவிட்டார்கள்.

இந்த ஆக்டிவேஷன் கணக்கு 2007-இல் பயோஷாக் கேமோடு பெரிய பேச்சானது. முதலில் 2 ஆக்டிவேஷன், சத்தம் போட்டதும் 5. அடுத்த வருடம் ஸ்போர் கேமுக்கு 3, அதுவும் பிறகு 5 ஆனது, வழக்கும் வந்தது. இரண்டிலுமே செக்யூரோம். இதையெல்லாம்விட மோசம், வாடகை நின்றுபோவது. டிரான்: எவல்யூஷன் கேமுக்கான செக்யூரோம் உரிமத்தை டிஸ்னி புதுப்பிக்காமல் விட்டதால் 2019-இல் வாங்கியவர்களாலேயே திறக்க முடியாமல் போனது. அங்கே உங்கள் கணினியில் நீக்க எதுவுமில்லை, திறக்க வேண்டியவன் எதிர்முனையில் இல்லை.

ராத்திரிராஜா:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008-இல் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 கேமின் டவுன்லோட் பதிப்பு டிஸ்க் கேட்டு அடம்பிடித்தது. டிஸ்க்கே இல்லாத பதிப்பு! அதைச் சரிசெய்ய யுபிசாஃப்ட் போட்ட பேட்ச்சைத் திறந்து பார்த்தால், உள்ளே ரீலோடட் என்ற, பூட்டை உடைக்கும் கிராக் கும்பலின் கோப்பு. பூட்டுப் போட்டவர்களே கள்ளச்சாவி வாங்கிப் போய்த் திறந்த கதை.

மூன்றாம்லெவல்:

நியாயமாக நடந்தவர்களும் உண்டு. விட்சர் 2 கேமின் டிஸ்க் பதிப்பில் இருந்த பூட்டை, 2011-இல் கேம் வந்த சில நாட்களிலேயே 1.1 பேட்ச் மூலம் எடுத்துவிட்டார்கள். அந்தப் பேட்ச்சைப் போட்டதும் கேம் முன்பைவிட நன்றாக ஓடியது என்பது தனிக்கதை. உங்கள் அலமாரியில் உள்ள டிஸ்க்குக்குக் கடைசியாக வந்த அதிகாரப்பூர்வ பேட்ச் என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள்; சிலவற்றில் டிஸ்க் சோதனையை நிறுவனமே எடுத்திருக்கும். இல்லாவிட்டால் பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜி மாதிரிக் கடையில் இரண்டாம் முறை வாங்க வேண்டியதுதான். ஒருமுறை காசு கொடுத்ததற்கு மறுபடி கொடுப்பது எரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கெர்னல்கிறுக்கன்:

நான் இரண்டாம் முறை வாங்கவில்லை. எக்ஸ்பி போட்ட பழைய கணினி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். செக்டிஆர்வி அதில் உயிரோடு இருக்கிறது, வேண்டுமென்றே விட்டு வைத்தது. நெட் கேபிளைச் சொருகுவதில்லை, வைஃபை கார்டும் கழற்றியாயிற்று. பேட்ச் ஏதாவது வேண்டுமானால் வேறு கணினியில் இறக்கி, ஸ்கேன் செய்து, சிடியில் எழுதி எடுத்துப் போவேன். பென் டிரைவ் வேண்டாம், சொருகியதும் தானே ஓடும் ஆட்டோரன் வைரஸ்கள் எக்ஸ்பிக்குள் நுழைந்த வழியே அதுதான்.